மூன்றரை மணித் தண்ணீர்: எட்டுப் பேர் வாழும் இல்லத்தில் ஓர் அம்மாவின் ஆறு மாதம்

நினைவு மங்கிய முதியவர்களுக்கான சிறு இல்லம் ஒன்றின் பராமரிப்பு ஆய்வு இது. பல இல்லங்களில் திரும்பத் திரும்பக் காண்பவற்றை ஒரே ஆளிடம் இணைத்து எழுதியிருக்கிறோம். எந்தத் தனிநபரின் அடையாளமும் இதில் இல்லை. மருந்துப் பெயரும் அளவும் வரும் இடங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பேசுவதற்காக. யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

வீடும் ஆட்களும்

சென்னையில் மடிப்பாக்கம் பக்கம் ஒரு வீட்டின் தரைத்தளம், வாடகைக்கு எடுத்தது. மூன்று படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு குளியலறை, பின்னால் துணி துவைக்கும் கல், முன்னால் கிரில் கேட். தங்கியிருப்பவர்கள் எட்டுப் பேர். பகலில் பராமரிப்புக்கு இரண்டு பெண்கள், சமையலுக்கு ஒருவர். இரவில் ஒரே ஒருவர். அவரும் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கலாம் என்பதுதான் தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. நர்ஸ் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வருவார். மருத்துவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

இந்த அம்மா ஜூலை மாதம் சேர்ந்தார். வயது 78, ஐந்தாம் வகுப்புவரை படிப்பு, கணவர் இல்லை. அல்சைமர் வகை டிமென்ஷியா, நடுத்தர நிலை என்று நரம்பியல் மருத்துவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு. வலது கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, இடது கண் பாக்கி. எடை 52 கிலோ. மாத்திரைகள்: நினைவுக்கு இரவில் டோனெபெசில் 10 மில்லிகிராம், ரத்த அழுத்தத்துக்குக் காலையில் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு வேளை மெட்ஃபார்மின். வேளச்சேரியில் மகள் வீட்டில் இருந்தபோது விடியும் முன்பே இரண்டு முறை கதவைத் திறந்து வெளியே போயிருக்கிறார். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வந்த ஆட்கள் ஏழு மாதத்தில் நான்கு முறை மாறியிருந்தார்கள். மகள் தோற்றுப்போய்க் கொண்டுவந்து விடவில்லை. தூங்காமல் வேலைக்குப் போய்ப் போய் உடம்பு கெட்ட பிறகுதான் வந்தார்.

முதல் மூன்று வாரம்

பிரச்சினை என்று ஷிப்ட் மாறும்போது சொல்லப்பட்டவை மூன்று. ஒன்று, அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து கிரில் கேட்டைப் பிடித்து ஆட்டுகிறார், மற்றவர்களும் விழித்துவிடுகிறார்கள். இரண்டு, குளிக்க வைக்கப் போனால் அடிக்கிறார். மூன்று, கிடைக்கிற டம்ளர், பாட்டில், டப்பா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கிறார். அது கொட்டித் தரை ஈரமாகிறது.

இல்லம் முதலில் செய்தது பெரும்பாலான இல்லங்கள் செய்வதுதான். கேட்டுக்குப் பெரிய பூட்டு வந்தது. பூட்டு கண்ணில் பட்டதும் அவருக்கு அதைத் திறக்கும் வேலையும் வந்துவிட்டது. அரை மணி ஆட்டியவர் ஒரு மணி நேரம் ஆட்டினார். “இப்ப ராத்திரிம்மா, போய்ப் படுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சரியான தகவல்தான், ஆனால் தகவலைப் பிடித்து வைக்கும் இடமே பழுதானவரிடம் தகவலைச் சொல்லி என்ன பயன்? குளியலுக்கு இரண்டு பேராகப் போனார்கள். ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் ஷவரைத் திறக்க, பிடித்த கையில் நகக்கீறல் விழுந்தது.

இரண்டாம் வார முடிவில் இரவு நேரத்துக்குக் குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்து 25 மில்லிகிராம் எழுதப்பட்டது. மூன்று இரவு தூங்கினார். பகலிலும் தூங்கினார், சாப்பாட்டுத் தட்டின் முன்பே தலை சாய்ந்தது, நடை தேய்ந்தது. ஐந்தாம் நாள் காலை குளியலறை வாசலில் விழுந்தார். இடுப்பில் கன்றிப்போனது, எலும்பு தப்பியது. நெற்றியும் லேசாகச் சுவரில் இடித்திருந்தது. இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார்.

இந்த வகை மருந்துகளே கூடாது என்று சொல்லவில்லை. பயங்கரமான பொய்த்தோற்றங்களால் ஒருவர் நடுங்கும்போதும், தனக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்கும் நிலையிலும் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு அவை தேவைப்படலாம். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இவை மரண வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரிக்கை போட்டது. பழைய தலைமுறை மருந்துகளுக்கும் 2008-இல் அதே எச்சரிக்கை வந்தது. பக்கவாதமும் விழுவதும் கூடும். லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருந்தால் உடம்பு விறைத்துப்போய் மோசமாகிவிடும். தொடங்கினால் நான்கு வாரத்தில் பலன் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் குறைத்து நிறுத்த வேண்டும். தெரிந்தாலும் நான்கு மாதத்துக்குள் ஒருமுறை குறைத்துப் பார்க்க வேண்டும். நம் இல்லங்களில் நடப்பது என்ன? சீட்டில் ஏறிய மாத்திரை இறங்குவதே இல்லை. யார் நிறுத்தச் சொல்வது என்பது யாருடைய வேலையும் இல்லாமல் போய்விடுகிறது. தொடங்கும் நாளிலேயே மறுபரிசீலனைத் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றே நடைமுறையில் உதவுகிறது.

ஐந்து கட்ட நோட்டு

விழுந்ததற்குப் பிறகு நர்ஸ் ஒரு நீளநோட்டைச் சமையலறை ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் செய்ததும் சொன்ன வார்த்தையும் அப்படியே, நாம் செய்தது, அதன் பிறகு என்ன ஆயிற்று. பத்து நாள் எழுத வேண்டும். ஒரே கட்டுப்பாடு: “அடம்”, “முரண்டு”, “வம்பு” ஆகிய சொற்கள் நோட்டில் வரக்கூடாது. கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும். எழுதச் சிரமப்படும் பராமரிப்பாளர் போனில் பேசிப் பதிவு செய்யலாம், காலையில் நர்ஸ் எடுத்தெழுதுவார்.

இரண்டாவது கட்டம்தான் உயிர்நாடி. அதைத்தான் எல்லாரும் காலியாக விடுவார்கள், ஏனென்றால் “ஒண்ணுமே நடக்கல, சும்மாதான் இருந்தாங்க” என்றுதான் தோன்றும். முதல் மூன்று நாள் இங்கும் அப்படித்தான் காலியாக இருந்தது. நான்காம் நாளில் இருந்து இப்படி வந்தது:

3.35. மோட்டார் போட்டேன். எழுந்து உட்கார்ந்தார். “குடம் எங்கடி?” என்றார்.

3.30. பக்கத்து வீட்டில் மோட்டார் சத்தம். கேட்டுக்குப் போனார். “நம்ம முறை போயிடும், தொறடி.”

காலை 6.40. ஷவர் திறந்தது. கையைத் தட்டிவிட்டார். “மூடுடி, தண்ணிய மூடு.”

“தண்ணிய மூடு” என்ற சொல் பத்து நாளில் ஐந்து முறை வந்திருந்தது. அதுவரை எல்லார் காதிலும் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. கத்தல் என்று கேட்டார்களே தவிர, சொல் என்று யாரும் கேட்கவில்லை.

மகளை அழைத்துப் பேசினார்கள். சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் “பொழுதுபோக்கு: கோயில், சீரியல்” என்று இருந்தது. அந்தக் கேள்விகளால் எதுவும் வராது. இம்முறை கேட்டவை வேறு. முப்பது முப்பத்தைந்து வயதில் கண் விழித்ததும் அவருடைய முதல் வேலை என்ன? காசை எங்கே முடிந்து வைப்பார்? எதைக் கண்டால் கோபம் வரும்? அக்கம்பக்கத்தார் எப்படிக் கூப்பிடுவார்கள்? குளிக்கும்போது முதல் சொம்பு தலைக்கா, காலுக்கா? மகள் முதல் கேள்விக்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் பதினான்கு குடும்பம் இருந்த ஒண்டுக்குடித்தனம். நடுவில் ஒரே அடிபம்பு. தண்ணீர் வருவது மூன்றரையிலிருந்து ஐந்து வரை. யாருக்கு எத்தனை குடம், யாருக்குப் பிறகு யார் என்று முறை வைத்துச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டது இந்த அம்மாதான். அந்த வளாகம் முழுக்க அவர் “அக்கா”. மகள் இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு: சென்னையில் அந்தத் தலைமுறைக்கு இது சொல்ல வேண்டிய செய்தியே இல்லை. எல்லார் வீட்டிலும் இதுதான் நடந்தது. 2019 கோடையில்கூட லாரிக்குக் குடம் வரிசை கட்டிய ஊர்தானே.

மூன்றரை மணி

முதல் மாற்றம் ஒரு ஸ்விட்ச். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை இரவு ஆள் அதிகாலையில் போடுவது வழக்கம், காலைக் குளியலுக்குத் தொட்டி நிறைய வேண்டும் என்பதால். அதைப் பிற்பகல் இரண்டரைக்கு மாற்றினார்கள். பத்து இரவில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கியது. பக்கத்து வீட்டு மோட்டாரை ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, சத்தம் இல்லாமலேயே அந்த நேரத்துக்கு விழிக்கும் பழக்கம் நாற்பது ஆண்டு ஊறியது, போகாது.

அதனால் இரண்டாவது மாற்றம்: எழுந்தால், எழுந்த வேலையைச் செய்யவிடுவது. கடையில் விற்கும் வழக்கமான பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 15 கிலோவுக்குப் பக்கம் வரும், அது ஆகாது. மூன்று லிட்டர் பிடிக்கும் சின்னக் குடங்கள் இரண்டு வாங்கி, பாதி மட்டும் நிரப்பினார்கள். ஒரு குடத்தில் ஒன்றரை கிலோ தண்ணீர். சமையலறை மேடையில், இடுப்பு உயரத்தில், மூடி போட்டு வைக்கப்பட்டன. தரையில் வைத்தால் குனிவார், விழுவார். கூடத்திலிருந்து சமையலறைவரை தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும். வழியில் கால்மிதி இருக்கக்கூடாது. கருப்புக் கால்மிதி மங்கிய கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும், தாண்டப் பார்ப்பார்கள்.

இரவு ஆள் சொல்லும் சொல்லும் எழுதி ஒட்டப்பட்டது. “அக்கா, நம்ம தண்ணி புடிச்சாச்சு. வந்து பாருங்க.” அவர் வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு குடத்தை இடம் மாற்றி வைப்பார், மூடுவார். பிறகு கழிப்பறை, பிறகு வெதுவெதுப்பான பால் அரை டம்ளர், படுக்கை. முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இது ஏமாற்றா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்கவும் வேண்டும். குடத்தில் தண்ணீர் உண்மையாகவே இருக்கிறது. பிடித்தது உண்மை. “உங்க அம்மா நாளைக்கு வருவாங்க” என்பது போன்ற பொய்களை இந்த இல்லம் தவிர்க்கிறது; அந்தப் பொய் நாளைக்கு இன்னொரு பொய்யைக் கேட்கும், அதைச் சொல்லும் பெண்ணின் மனத்தையும் அரிக்கும். கவலைக்குப் பதிலாக ஒரு நிஜப் பொருளைக் கையில் கொடுக்க முடிந்தால் பொய்யின் தேவையே பெரும்பாலும் எழாது.

கூப்பிடும் சொல்லும் சின்ன விஷயம் இல்லை. “பாட்டி” என்றால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். தன்னை முப்பத்தைந்து வயதாக உணர்பவருக்குப் பாட்டி யாரோ ஒருவர். இருபது வயதுப் பெண்கள் 78 வயதுக்காரரை அக்கா என்று கூப்பிட முதலில் கூசினார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

இதற்கெல்லாம் விலை ஒன்று உண்டு: இரவு ஆள் விழித்திருக்க வேண்டும். தூங்கும் இரவு ஷிப்டை விழித்திருக்கும் ஷிப்டாக மாற்றினால் அதே ஆளை மறுநாள் பகலில் வேலை வாங்க முடியாது, இன்னொருவரைப் போட வேண்டும். சிறு இல்லத்தின் கணக்கில் மிகப் பெரிய சுமை இதுதான். எட்டுப் பேர் இல்லத்துக்கு அது கட்டாயம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம். டிவி இல்லாத இல்லம் நடக்கும். விழித்த ஆள் இல்லாத இரவு நடக்கக்கூடாது.

குளியல்

ஷவர் சண்டைக்குத் தண்ணீர் வீணாவது ஒரு காரணம்தான். குளியலறைக்குள் நின்று பார்த்தால் மற்றவையும் தெரிந்தன. மேலிருந்து திடீரென்று முகத்தில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிவதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல் சுவரில் மோதி எதிரொலிக்கிறது. பளபளக்கும் டைல்ஸ் உலர்ந்திருக்கும்போதே ஈரமாகத் தெரிகிறது. காலை ஆறரை மணி என்பது ஷிப்ட் முடியும் ஆளின் வசதிக்கு வைத்த நேரம். அறையில் இரண்டு பேர், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

மாற்றிய முறை இது. நேரம் பதினோரு மணி, வெயில் ஏறிய பிறகு. அவர் வருவதற்கு முன்பே பக்கெட்டில் 15 லிட்டர் நிரப்பி, குழாயை இறுக்கி மூடி, சொட்டுவது கேட்காமல் பார்க்க வேண்டும். சூடு 38 முதல் 40 டிகிரி. ஐம்பது ரூபாய்த் தெர்மாமீட்டர் பாசி படிந்து கெட்டுவிடும், அதனால் முழங்கையாலும் பார்க்க வேண்டும். கீசரின் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, அந்தத் திருகு அவர் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி, உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டர், கால்களுக்கு ரப்பர் மாட்டியது. உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். தோளைச் சுற்றி ஒரு துண்டு, குளியல் முடியும்வரை. அதன் மேலேயே தண்ணீர் ஊற்றலாம். வெட்கம் என்பது மறதியோடு போய்விடுவதில்லை. இந்தத் துண்டு ஒன்றே பல இல்லங்களில் பாதிச் சண்டையை நிறுத்தியிருக்கிறது.

சொம்பு அவர் கையில். முதல் சொம்பு காலுக்கு, மகள் சொன்னபடி. சொம்பைப் பிடித்த கை தானாக வேலையைத் தொடரும். நினைவு போன பிறகும் கைப்பழக்கம் நீண்ட நாள் நிற்கும். ஒரே ஒரு பராமரிப்பாளர், பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு சொல்: “கை.” “முதுகு.” தலைக்கு ஊற்றுவது தனி நாள், வெள்ளிக்கிழமை, எண்ணெய் வைத்துச் சிகைக்காயோடு. அந்த மணம் வந்ததும் அவரே தலையைக் குனிகிறார். உடுத்தும் துணியை எந்த வரிசையில் போட வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும், மேலே இருப்பது முதலில்.

மறுத்தால்? வற்புறுத்தக்கூடாது. இருபது நிமிடம் கழித்து வேறொருவர் போக வேண்டும். அன்று முழுக்க வேண்டாம் என்றால் முகம், அக்குள், இடுப்புக்குக் கீழ் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம், மருத்துவக் கட்டாயம் இல்லை.

ஒளித்து வைத்த டம்ளர்கள்

தண்ணீரைச் சேர்த்து வைத்தவர் அதைக் குடிக்கவில்லை, சேமிக்கிறார். நாள் முழுக்கக் குடித்ததை அளந்தால் 700 மில்லி தாண்டவில்லை. சில்வர் டம்ளருக்குள் தண்ணீர் இருப்பதே மங்கிய கண்ணுக்குத் தெரியாது என்பதும் சேர்ந்துகொண்டது. கட்டிலருகே ஒரு லிட்டர் பிடிக்கும் மூடியுள்ள சின்னத் தவலை வைத்தார்கள், “அக்கா தண்ணி” என்று. ஒளிப்பது குறைந்தது. தினமும் காலையில் அதைக் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து வெளியே பறந்துவிடும். குடிக்கக் கொடுப்பது நாளுக்கு எட்டு வேளை, வேளைக்கு 150 முதல் 200 மில்லி: மோர், ரசம், பார்லித் தண்ணீர், சர்க்கரை போடாத எலுமிச்சை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் தினமும் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எடை இரண்டரை கிலோ இறங்கியதற்குக் காரணம் தட்டிலும் இருந்தது. வெள்ளை மெலமைன் தட்டில் வெள்ளை இட்லி, வெள்ளைத் தேங்காய்ச் சட்னி. அவருக்கு அது காலித் தட்டு. அதே இட்லியை வாழையிலை நறுக்கில் வைத்ததும் கை தானாகப் போனது. இலை கிடைக்காத நாளுக்குக் கரும்பச்சைத் தட்டு. டோனெபெசிலும் பசியைக் குறைக்கும், இரவில் சாப்பிட்டால் கெட்ட கனவுகளையும் கொடுக்கும். மருத்துவர் அதைக் காலைக்கு மாற்றினார். நாடித்துடிப்பு வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள், அந்த மருந்து அதை மெதுவாக்கும் என்பதால்.

ஒன்பதாம் வாரம்: எங்கே தவறினார்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை வந்த வாரத்தில்தான் உண்மையான ஆபத்து வந்தது. செப்டம்பர் நடுவில் இரண்டு இரவு அவர் தூங்கவே இல்லை. நோட்டில் இரவு ஆள் எழுதியது: “தண்ணி ஞாபகம். குடம் காட்டினேன். கேக்கல.” மறுநாளும் அதே வரி. பகலில் அவர் துவண்டு கிடந்தார். ராத்திரி விழித்ததன் அசதி என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை நர்ஸ் பார்த்தபோது அவர் புடவை நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தார், சுவரில் எறும்பு ஊர்வதாகக் காட்டினார், கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லி அப்படியே கண் சொருகினார். தினமும் பார்க்கும் பெண்ணைப் பார்த்துப் பயந்தார்.

இது டிமென்ஷியா முற்றியது இல்லை. டிமென்ஷியா மாதக் கணக்கில் இறங்கும். மணிக்கணக்கில், ஒன்றிரண்டு நாளில் மாறினால் அது டெலிரியம். பெரும்பாலும் மூளைக்கு வெளியே உடம்பில் எங்கோ ஏதோ கோளாறு என்று அர்த்தம். அவசர மருத்துவம் தேவை. கவனம் நிலைக்காததும், ஒரே நாளுக்குள் தெளிவும் மயக்கமும் மாறி மாறி வருவதும் அதன் முத்திரை.

நர்ஸ் பார்த்தவை: நாடி 104, காய்ச்சல் 99.8, விரல் குத்திப் பார்த்த சர்க்கரை 142. மலம் கழித்து நான்கு நாள் ஆகியிருந்தது. முந்தைய நாள் முழுக்க இரண்டு முறைதான் சிறுநீர். அடிவயிறு உப்பித் தொட்டால் முகம் சுளித்தார். பிறகு மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இருமல் மருந்துப் பாட்டில். ஐந்து நாளுக்கு முன் சளி என்று பக்கத்துக் கடையில் வாங்கி, தினம் மூன்று வேளை கொடுத்திருக்கிறார்கள். அதில் குளோர்பெனிரமின்.

பார்க்கச் சாதுவான மருந்து. ஆனால் அது அசிட்டில்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். டோனெபெசில் அதே வேதிப்பொருளை மூளையில் கூட்டுவதற்காகக் கொடுப்பது. ஒரு கையால் ஊற்றி மறு கையால் கவிழ்த்ததுபோல. குடலும் மூத்திரப் பையும் அந்தத் தடையால் மந்தமாகின, தேங்கிய சிறுநீரில் தொற்று வந்தது. மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தில் சோடியம் 125-க்கு இறங்கியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையில் கலந்திருந்த தயசைடு முதியவர்களுக்கு அடிக்கடி செய்யும் வேலை இது. ஆறு வாரத்துக்கு முன் நெற்றி இடித்ததால் தலையில் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்துத்தான் குழப்பமாக வெளிப்படும். கசிவு இல்லை. அன்று விழுந்ததை எழுதி வைக்காமல் விட்டிருந்தால் இந்த ஸ்கேன் யார் நினைவுக்கும் வந்திருக்காது.

தயசைடும் சிரப்பும் நின்றன. ஒரு நாள் சிறுநீர்க் குழாய், ஒரு இனிமா, எந்தக் கிருமி என்று கல்ச்சரில் பார்த்து ஆன்டிபயாடிக். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். 24 மணி நேரத்தில் எட்டு பத்து புள்ளிக்கு மேல் ஏறினால் மூளைக்கே கேடு. நான்கு நாள் படுக்கை.

முதியோர் மருத்துவத்துக்கென்று அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே புறநோயாளி பிரிவு தொடங்கிய ஊர் இது. கிண்டியில் 2024 முதல் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் அவசரத்துக்கு எந்த இல்லமும் ஓடுவது பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குத்தான். அங்கே இவர் யாரோ ஒரு குழம்பிய முதியவர், கையைக் கட்டிலோடு கட்டத் தோன்றும். அதனால் பகல் பராமரிப்பாளர் ஒருவரைக் கூடவே அனுப்பினார்கள், கையில் ஒரு பக்கத் தாளோடு: வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார், எதற்குப் பயப்படுவார், “அக்கா” என்று கூப்பிடவும், மாத்திரைப் பட்டியல், நான்கு நாளாக என்ன மாறியது. டெலிரியத்தை டிமென்ஷியா என்று மருத்துவமனை தவறாக எடுத்துக்கொள்ளாமல் காப்பது இந்த “வழக்கமாக எப்படி” என்ற வரிதான்.

இல்லத்தின் தவறு எங்கே? மருந்துக் கடையிலிருந்து சிரப் வாங்கியது ஒன்று. அதைவிட ஆழமானது, கதை கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. தண்ணீர்க் கதை அத்தனை அழகாகப் பொருந்தியதால் அதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டார்கள். “குடம் காட்டினேன், கேக்கல” என்ற வரியிலேயே எச்சரிக்கை இருந்தது: ஒரு மாதம் பலித்த வழி திடீரென்று பலிக்கவில்லை. பழைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது பழகிப்போன நடத்தைக்கு விளக்கம் தரும். புதிதாக, சட்டென்று வந்த மாற்றத்துக்கு முதல் சந்தேகம் எப்போதும் உடம்பின் மேல்தான் போக வேண்டும்.

அதன் பிறகு நோட்டின் உள்ளட்டையில் ஒட்டப்பட்ட ஒரே கேள்வி: “நேத்தைவிட இன்னிக்கு இவங்க குழம்பியிருக்காங்களா?” ஆம் என்றால் இரவு இரண்டு மணியானாலும் போன் செய்து நர்ஸை எழுப்ப வேண்டும். அதற்குள் பார்த்து வைக்க வேண்டியவை காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிமீட்டர் அளவு, சர்க்கரை. கடைசியாக மலம் போன நாள், சிறுநீர், எங்காவது தொட்டால் முகம் சுளிக்கிறாரா, ஒரு வாரத்துக்குள் புது மருந்து ஏதாவது, விழுந்தாரா. தாழ் சர்க்கரையை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம், விட்டால் உயிர் போகும். ஒரு எதிர் எச்சரிக்கையும் வேண்டும். முதிய பெண்களின் சிறுநீரில் அறிகுறி எதுவும் இல்லாமலேயே கிருமி இருப்பது சாதாரணம். கோபப்பட்டார் என்று யூரின் டெஸ்ட் எடுத்து, கிருமி இருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்து, உண்மைக் காரணத்தைத் தேடாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது.

கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மருந்து எதுவும் இல்லத்துக்குள் வரக்கூடாது என்று உறவினர்களுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். சளி மாத்திரை, தூக்கத்துக்கு என்று விற்கும் அலர்ஜி மாத்திரை, பயண வாந்தி மாத்திரை மூன்றும் இந்த வரிசையில் முன்னால் நிற்பவை.

திரும்பி வந்த பிறகு

அவர் பழைய நிலைக்கு முழுதாக வரவில்லை. டெலிரியம் தெளியப் பல வாரங்கள் ஆகும், டிமென்ஷியா உள்ளவரிடம் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டும் போகும். பல் துலக்க இப்போது பிரஷ்ஷைக் கையில் கொடுத்து முதல் தேய்ப்பைத் தொடங்கி வைக்க வேண்டும். மகளிடம் இதை மறைக்காமல் சொன்னார்கள், சிரப் விஷயத்தையும் சேர்த்து. அவர் அழுதார், கோபப்பட்டார், அம்மாவை அங்கேயே தொடர்ந்து வைத்துக்கொண்டார்.

கேட்டில் இருந்த பெரிய பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாளும், சுவர் நிறத்திலேயே ஒரு திரையும் போட்டார்கள். பூட்டு கண்ணில் படாவிட்டால் ஆட்டும் எண்ணமும் வருவதில்லை. ஆனால் தீப்பிடித்தால் எட்டுப் பேரையும் வெளியே கொண்டுவர வேண்டும். தாழ்ப்பாளை இருட்டில் திறந்து பழகாத ஆளை இரவு ஷிப்டில் போடக்கூடாது.

அக்டோபரில் மழைக்காலத் தயாரிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெற்குப் புறநகரின் பல தெருக்களில் தண்ணீர் நின்றதை மறந்துவிட்டுத் தரைத்தளத்தில் இல்லம் நடத்த முடியாது. ஏழு நாள் மாத்திரைகள் ஆளுக்கொரு ஜிப் கவரில், பெயரும் வேளையும் எழுதி, பரணில். இன்வெர்ட்டர் பேட்டரி தரையிலிருந்து மூன்றடி மேலே. மேல் வீட்டுக்காரரிடம் இரண்டு அறைக்கு முன்கூட்டியே பேசி வைத்தல். படியேற முடியாதவர்களைத் தூக்கும் நாற்காலியைப் பகலில் ஒருமுறை காலியாகவே தூக்கிப் பார்த்தார்கள்; திருப்பத்தில் அது இடித்தது, கைப்பிடி கழற்றும் வேறொன்று வாங்கினார்கள்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். இல்லம் தேடி அலையும் குடும்பங்கள் கட்டிலையும் ஏசியையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு. இரவு ஆள் விழித்திருப்பவரா? கடைசியாக ஒருவர் குளிக்க மறுத்தபோது என்ன செய்தீர்கள்? கடைசியாக ஒருவர் விழுந்தது எப்போது, அதை எங்கே எழுதினீர்கள், காட்டுங்கள். “எங்க இல்லத்துல யாரும் விழுந்ததே இல்ல” என்று பதில் வந்தால் அங்கே எழுதும் பழக்கம் இல்லை என்று பொருள். கட்டிப்போடுவதையோ அடிப்பதையோ கண்டால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.

ஜனவரியில் ஆறாம் மாதக் கூட்டம். எடை 51. வாரத்தில் இரண்டு மூன்று இரவுதான் எழுகிறார். குளியலில் அடி இல்லை. மறுத்த நாட்கள் உண்டு, துடைத்துவிட்ட நாட்கள். இடது கண் அறுவையை மயக்க மருந்து இல்லாமல் சொட்டு மருந்தில் மரக்கச் செய்து முடிக்க முடியுமா என்று கண் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தோள் வலிப்பதுபோல் தெரிவதால் குடத்தில் இனிமேல் கால் பங்கு தண்ணீர்தான். இரவு ஆள் பிப்ரவரியில் மாறுகிறார், புதியவருக்கான தாளில் பழையவர் தன் கையால் முதல் வரியாக எழுதியது: “குடத்த மூடி வைக்கணும். தொறந்து கெடந்தா அக்கா படுக்க மாட்டாங்க.”